இரண்டாவது கம்பைலர்

ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் விளக்கை அணைத்தேன். பால் பாக்கெட்டைக் கழுவிக் காய்ச்சினேன். குளித்தேன். நேற்றைய சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஏழு மணிக்கு கிரேசியின் லேப்டாப்பைத் திறந்து சார்ஜரைச் சொருகினேன். வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, அதைச் செய்வேன். பேட்டரி கெட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கிரேசி என் மனைவி. நவம்பரில் டெங்குவில் இறந்தாள். வயது இருபத்தொன்பது. அவளுடைய லேப்டாப்பில் நான் எதையும் திறந்து பார்த்ததில்லை. அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை மெயில் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. ஒரே தலைப்பில் இரண்டு மெயில்கள் படிக்காமல் இருந்தன. ஒன்று அவளை அடக்கம் செய்த மறுநாள் வந்தது. மற்றது இந்தச் செவ்வாய்க்கு முந்தைய வாரம் வந்தது.

நின்றபடியே படித்தேன். இரண்டையும் அனுப்பியவர் ஒரே ஆள். லினக்ஸ் கெர்னலில் வெப்பத்தை அளக்கும் பகுதிக்குப் பொறுப்பாளர். எந்த நாடு என்று தெரியவில்லை. முதல் மெயிலில், கிரேசி அனுப்பிய திருத்தம் நல்ல கண்டுபிடிப்பு என்றும், இரண்டு வரிகளை மாற்றி, நிஜமான கருவியில் சோதித்து மறுபடி அனுப்பும்படியும் எழுதியிருந்தார். இரண்டாவது மெயிலில், ஏப்ரல் கடைசி வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் திருத்தத்தைத் தானே எழுதிவிடுவதாகவும், குறையைச் சொன்னவர் என்று அவள் பெயரைக் கீழே குறிப்பிடுவதாகவும் இருந்தது.

குறையைச் சொன்னவர். எழுதியவர் இல்லை.

அன்று வேலைக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன்.

நான் செராமிக் டிப்ளமோ. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மின்சாரத்துக்கான ஃபியூஸும் இன்சுலேட்டரும் செய்கிற ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் படித்தவள் கிரேசிதான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கெர்னல் வேலை அதற்கு மேல், சம்பளம் இல்லாதது. கெர்னல் என்பது ஒரு இயந்திரத்தின் எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடும் நிரல். லினக்ஸ் கெர்னலுக்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். மனிதர் எழுதியதை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றுவது கம்பைலர். லினக்ஸ் கெர்னலுக்கு வழக்கமான கம்பைலர் ஜிசிசி. கிரேசி க்ளாங் என்ற இன்னொரு கம்பைலரில் போட்டுப் பார்ப்பாள். இது அவள் எனக்குச் சொன்ன அளவு. நான் மேலே கேட்டதில்லை.

அவள் திருத்தம் எங்கள் சூளையிலிருந்துதான் ஆரம்பித்தது. போன ஆகஸ்டில் ஒரு லோடு முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெப்பம் ஆயிரத்து நூற்று எண்பதிலேயே நாற்பது நிமிடம் நின்றது என்றார் தேவநாதன். சூளையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், பதினெட்டு வருடமாக. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி அறுந்திருந்தது உண்மை. ஆனால் கம்பி அறுந்தால் பெட்டி காட்டிக்கொடுக்கும், ஆள் தூங்கியிருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். அவரைச் சூளையிலிருந்து எடுத்து லோடு ஏற்றும் இடத்தில் நிறுத்தினார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். கிரேசி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொட்டிக்குள்ள என்ன ஓடுது?"

"அது கம்பெனிப் பொருள். வூட்டுக்கெல்லாம் கொண்டாற முடியாது."

"பொட்டிய யாருங்க கேட்டா. உள்ள என்ன ஓடுதுன்னுதான கேட்டன். போட்டோ புடிச்சிட்டு வாங்க."

பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் பலகையைப் படம் பிடித்துக் காட்டினேன். ஓடுவது லினக்ஸ். தெர்மோகப்பிளைப் படிக்கும் சில்லின் பெயரைப் பார்த்து, அதற்கான நிரலைத் தேடி எடுத்தாள். ஜிசிசியில் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. க்ளாங்கில் போட்டாள். ஒரே ஒரு எச்சரிக்கை வந்தது. என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினாள்.

"ஜிசிசி வாயே தொறக்கல. இவன் சொல்றான் பாருங்க. கம்பி அறுந்தா இந்த எடத்துல வெப்பத்த எழுதாமயே தாண்டிப் போவுது. பழைய நம்பரு அங்கயே குந்தியிருக்கும். அதையே திரும்பத் திரும்பப் படிச்சிக் காட்டும்."

"அப்படின்னா?"

"உங்க தேவநாதன் அண்ணன் தூங்கல. பொட்டிதான் தூங்கியிருக்குது."

மறுநாள் அதைத் தாளில் அச்சடித்து முதலாளியிடம் கொடுத்தேன். கம்பியைக் கழற்றி ஒரு முறை அவர் கண் முன்னால் காட்டியும் விட்டோம். தேவநாதன் சூளைக்குத் திரும்பினார். வீட்டுக்கு ஒரு பை வேர்க்கடலை வந்தது. எங்களுக்கு அதோடு முடிந்தது. அக்டோபரில் கிரேசி அந்த நிரலைத் திருத்தி, உலகத்தில் அதே சில்லை வைத்திருக்கிற எல்லாருக்குமாக அனுப்பியிருக்கிறாள். என்னிடம் சொன்னாளா என்று நினைவில்லை. சொல்லியிருப்பாள்.

இப்போது அது இரண்டு வரிக்காக நின்றுகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். கறுப்புத் திரையைத் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்தினேன். அவள் கடைசியாகக் கொடுத்த கட்டளை வந்தது. மறுபடி அழுத்தினேன். அதற்கு முந்தையது. அப்படியே போனால் அவள் செய்ததெல்லாம் தலைகீழ் வரிசையில் வந்தது. தப்பாக அடித்துத் திருத்தியவையும் இருந்தன. ஒரே கட்டளையை ஐந்து தடவை கொடுத்திருந்தாள். அவளும் தடுமாறியிருக்கிறாள் என்பது எனக்குத் தைரியமாக இருந்தது.

அவள் பார்த்த எச்சரிக்கையை முதலில் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். திருத்தாத நிரலை எடுத்து, கெர்னலைக் கட்டும் கட்டளை ஒன்றைத் தேர்ந்து கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் ஓடியது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. யாரோ ஏற்கெனவே திருத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். வரியைத் திறந்து பார்த்தேன். குறை அப்படியே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துதான் தெரிந்தது. நான் எடுத்தது ஜிசிசிக்கான கட்டளை. அவளுடைய மற்றக் கட்டளைகளில் ‘எல்எல்விஎம் சமம் ஒன்று’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. கம்பைலரிலிருந்து கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்க்கர் வரைக்கும் மொத்தத்தையும் க்ளாங்கின் குடும்பத்துக்கு மாற்றுவது அந்தச் சொல்தான். அதைச் சேர்த்துப் பழையதைத் துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன்.

பதினோராவது நிமிடத்தில் வந்தது. இருநூற்றுப் பதினாலாவது வரி. அவள் விரல் வைத்துக் காட்டிய அதே வரி.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பொறுப்பாளர் கேட்டிருந்த மாற்றம் இதுதான். கம்பி அறுந்தால் வெப்பத்தைப் பூஜ்யம் என்று எழுதுவதாக கிரேசி திருத்தியிருந்தாள். பூஜ்யமும் ஒரு அளவுதான், அதை நம்பிப் பெட்டி இன்னும் நெருப்பைக் கூட்டும், அதனால் அளவே இல்லை, பிழை என்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். சூளைக்காரன் என்ற முறையில் அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. கிரேசி கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். இரண்டு வரியை மாற்ற எனக்கு நான்கு நாள் ஆனது. மூன்று தடவை கம்பைல் ஆகாமல் நின்றது. ஒரு தடவை அரைப்புள்ளி விட்டிருந்தேன். ஐந்தாவது நாள் எச்சரிக்கை இல்லாமல் முடிந்தது. இந்த முறை கட்டளையை இரண்டு தடவை படித்துக்கொண்டேன்.

சோதிப்பதற்குச் சூளை வேண்டும். ஏப்ரல் இரண்டாவது வாரம் செங்கல் மாற்றுவதற்காகச் சூளையை ஆறப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் முந்நூறு டிகிரி வரை சும்மா ஏற்றிப் பார்ப்பது வழக்கம். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். க்ளாங்கில் கட்டிய கெர்னலை மெமரி கார்டில் ஏற்றிப் பெட்டியில் போட்டேன். பெட்டி எழுந்தது. வெப்பம் காட்டியது. இருநூற்று எழுபத்தொன்றில் தேவநாதன் தெர்மோகப்பிள் பக்கம் போய் நின்றார்.

"புடுங்கட்டுமா தம்பி?"

"புடுங்குங்கண்ணே."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. போன தடவ தானா அறுந்ததுக்கே என்ன வெய்யில்ல நிக்க வச்சாங்க. இப்ப நானே புடுங்கனேன்னா திட்டக்குடிக்கே தொரத்திடுவாங்க."

"உங்க ஊருதான. போய் நெல்லு போடுங்க."

"வெலிங்டன் ஏரில தண்ணி வுட்டா போடறன். மொதல்ல இதப் பாப்போம்."

பிடுங்கினார். திரையில் இருநூற்று எழுபத்தொன்று மறைந்தது. மூன்று கோடுகள் வந்தன. மணி அடித்தது. இரண்டு வினாடியில் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பர்னர் அணைந்தது.

தேவநாதன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"ஒரு மிஷினு எனக்குத் தெரியலன்னு ஒத்துக்கிட்டத இப்பதான் பாக்கறன். நம்ம முதலாளிக்கும் இத ஒண்ணு போட்டு வுட முடியுமா?"

"அவருக்கு வேற கம்பைலரு வேணும்."

"இது நீ செஞ்சதா?"

"கிரேசி செஞ்சது. ரெண்டு வரி நான்."

"அப்ப அந்தப் பொண்ணு செஞ்சதுன்னே சொல்லு. ரெண்டு வரியெல்லாம் கணக்குல வராது." கம்பியைத் திரும்ப மாட்டினார். "இன்னொரு தடவ புடுங்கட்டுமா?"

ஆறு தடவை பிடுங்கினார். ஐந்தாவது தடவைக்கு எதிர் ஷெட்டில் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "எங்க தங்கச்சி செஞ்சது. சீமைக்கெல்லாம் போவப்போவுது" என்று அவர்களுக்கு விளக்கினார். நெஞ்சில் ஏதோ அகலமாக இருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

அன்று சாயங்காலமே அனுப்பினேன். மெயிலில், என் மனைவி இறந்துவிட்டாள், அவள் வேலையை முடித்து அனுப்புகிறேன், மாற்றிய இரண்டு வரிக்கு மட்டும் நான் பொறுப்பு, உண்மையான சூளையில் சோதித்தேன் என்று எழுதினேன். எழுதியவர் என்ற இடத்திலும், கீழே உறுதியளிப்பவர் என்ற இடத்திலும் அவள் பெயரை அடித்தேன். எஸ். கிரேசி.

என் பெயர் சாவியோ. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் என்று எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். இறப்புச் சான்றிதழுக்கும் நான்தான் நிரப்பினேன். எஸ். கிரேசி என்றே கை பழகியிருந்தது.

இரண்டு நாளில் பதில் வந்தது. வருத்தம் ஒரு வரி. திருத்தம் சரியாக இருக்கிறது, சோதனை மிக நன்று என்று ஒரு வரி. பிறகு ஒரு கேள்வி. அக்டோபரில் இதை அனுப்பியவர் ஏ. கிரேசி. இப்போது வந்திருப்பது எஸ். கிரேசி பெயரில். இருவரும் ஒருவரா? உறுதிமொழி வரி என்பது, இது என் வேலை என்று எழுதியவரே கைப்பட ஒப்புவது, அதை இன்னொருவர் மாற்றக் கூடாது. வேறு ஆள் என்றால் ஏற்க முடியாது. ஒரே ஆள் என்றால், அவர் தன்னை எப்படி எழுதிக்கொண்டார்? வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

சின்ன விஷயம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து உண்டு, கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவனுடையது, சான்றிதழில் எஸ் என்றே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி அடித்துவிட்டு அனுப்பும் முன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஏற்றுக்கொண்ட திருத்தங்களை எழுதி வைக்கும் கெர்னலின் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடினேன்.

ஒன்றோ இரண்டோ வரும் என்று நினைத்தேன். ஒன்பது வந்தன.

முதலாவது அவள் கல்லூரிக் கடைசி வருடம். ஒரு குறிப்பில் எழுத்துப் பிழை திருத்தியிருந்தாள். அடுத்த இரண்டும் அதே மாதிரி. பிறகு எங்கள் கல்யாணத் தேதி வந்து போயிருந்தது. அதன் பின் ஆறு. அந்த ஆறில் எழுத்துப் பிழை இல்லை. எல்லாம் க்ளாங்கில் மட்டும் தெரிந்த குறைகள். ஒன்றில், இதை நான்கு வருடமாக யாரும் கவனிக்கவில்லை என்று வேறொரு பொறுப்பாளர் எழுதியிருந்தார். சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இந்த மேசையில் உட்கார்ந்து அனுப்பியவை. "என்ன பண்ற" என்று கேட்டால் "சும்மா ஒரு வார்னிங்கு" என்பாள்.

ஒன்பதிலும் ஏ. கிரேசி.

புதன்கிழமை சாயங்காலம் மாமனார் ஆரோக்கியசாமி வந்தார். ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். புதன்கிழமை மீன் கொண்டுவருவார். ஆங்கிலத்தில் வேகன் எண்களும் எழுத்துகளும் மட்டும் படிப்பார். அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"இதுல எங்க அவ பேரு?"

காட்டினேன். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளினார்.

"ஏ போட்டிருக்குது. என் ஏவா?"

"உங்க ஏ தான் மாமா."

"கல்யாணத்துக்கு முன்னாலயா?"

"முன்னால மூணு. பின்னால ஆறு."

திரைக்குக் கிட்டப் போய் மறுபடி பார்த்தார். "உங்ககிட்ட கேட்டுட்டா போட்டா?"

"இல்லிங்க மாமா."

"எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. நீங்க ரேஷன் கார்டுல என் எழுத்த எடுத்துட்டீங்கன்னு உங்க அத்தகிட்ட ரெண்டு நாளு பொலம்பிக்கிட்டிருந்தன். இங்க இத்தன எடத்துல வச்சிருக்கா, கழுத." விரலை வைத்து ஒன்பதையும் எண்ணினார். "இது ஃபோனுக்குள்ளல்லாம் வருமா?"

"பேரு வராது. அவ திருத்தின வரி வரும். பேரு பதிவேட்டுல இருக்கும். யாரு கேட்டாலும் குடுப்பாங்க."

"பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிற மிஷினு?"

"இருக்கலாம்."

"ரயில்வேல?"

"இருக்கும் மாமா."

"அப்பச் சரி" என்றார். மீனைக் கழுவப் போனார். கழுவும்போது குழாயை ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தார்.

நான் அடித்து வைத்திருந்த பதிலை அழித்தேன். அவள் அக்டோபரில் போட்ட உறுதிமொழி வரியை அப்படியே எடுத்து வைத்தேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அதன் கீழே, இந்த இரண்டு வரியை மாற்றியது சாவியோ என்று ஒரு குறிப்பும் என் பெயரும். அதற்குக் கீழே, விருத்தாசலத்தில் ஒரு சூளையில் ஆறு முறை சோதிக்கப்பட்டது என்று ஒரு வரி. பெட்டியின் பெயரைப் போட்டால் போதும், ஊர் தேவையில்லை. போட்டேன். கேள்விக்குப் பதிலாக, இருவரும் ஒருவர், அவள் தன்னை ஏ. கிரேசி என்று எழுதிக்கொண்டாள், எஸ் என்பது என் தவறு என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெயில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுதியவர் ஏ. கிரேசி. அவளுடைய பத்தாவது.

தேவநாதனுக்கு ஃபோன் செய்தேன். மாமனாருக்கும் செய்தேன். சட்டைக்கு இஸ்திரி போட மறந்து அப்படியே வேலைக்குப் போனேன்.

கிரேசி கடைசியாக என்ன சொன்னாள் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். "மாதாவே" என்று சொன்னதாக அவள் சித்தி பிலோமினா சொல்கிறார். முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த கார்டிலும் அதைத்தான் போட்டார்கள். நான் மறுக்கவில்லை. சித்தி வந்து சேரும்போது அவள் பேசுகிற நிலையில் இல்லை.

அட்மிஷன் படிவத்தை நிரப்பியது நான். மூன்றாம் நாள் காய்ச்சல். கிரேசி பெஞ்சில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நர்ஸ் படிவத்தைப் பார்த்து, "எஸ். கிரேசி யாரு?" என்று கூப்பிட்டார். நான் கையைத் தூக்கினேன். அவள் கண்ணைத் திறந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். பின்னால் வரிசை நின்றது, படிவத்தைத் திருத்தவில்லை. உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பதிவேட்டில் அந்த ஒன்பதைப் பார்க்கும்வரை எனக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

"ஏ. கிரேசிங்க" என்றாள். "எஸ் அவரு."